முதல் வகுப்பு: அன்றும் இன்றும்

இரயில் பயணத்தில் வகுப்பு என்பது வெறும் கட்டண வேறுபாடு மட்டுமன்று. யாருக்கு எவ்வளவு இடம், எவ்வளவு காற்று, எவ்வளவு உறக்கம் என்பதை வகுப்பே தீர்மானிக்கிறது. ஆகவே, நம் நாட்டு இரயில்களில் முதல் வகுப்பு அடைந்த மாற்றங்களை ஆராய்வது, வசதி படைத்த சிலருடைய பயண முறையை மட்டும் ஆராய்வது ஆகாது. ஒரு காலத்தில் சிலருக்கே உரியனவாக இருந்த வசதிகள் எவ்வாறு பலருக்கும் கிடைத்தன, அதற்கான செலவை யார் ஏற்றனர், இன்னும் எவ்வளவு தொலைவு செல்ல வேண்டியுள்ளது என்பனவற்றையும் அது உடன் காட்டும்.

இந்தியாவில் பயணிகள் இரயில் முதன்முதலாக 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் தொலைவு ஓடியது. தென்னகத்தில் 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையே இரயில் போக்குவரத்து தொடங்கியது. தொடக்க காலம் முதற்கொண்டே பயணிகள் வகுப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டனர். நாளடைவில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, இடை வகுப்பு, மூன்றாம் வகுப்பு என நான்கு வகுப்புகள் நிலைபெற்றன. இவற்றுள் முதல் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு, ஒரே வண்டியில் செல்லும் இரு உலகங்களுக்கு இடையே உள்ள வேறுபாடாகவே இருந்தது.

தனி இல்லம் போன்ற அறை

அக்காலத்து முதல் வகுப்புப் பெட்டியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை செல்லும் நடைவழி கிடையாது. ஒவ்வோர் அறையும் தனித்தனியே அமைந்திருந்தது. அதன் கதவு நேரே நடைமேடையில் திறந்தது. அறையின் அகலம் பெட்டியின் முழு அகலமாகும். மெத்தை தைத்த நீண்ட இருக்கைகள் இரவில் படுக்கைகளாக மாறும். அறையை ஒட்டியே குளியலறையும் கழிப்பிடமும் இருந்தன. உடன் வரும் பணியாளர் தங்குவதற்கென அருகிலேயே ஒரு சிறு அறை ஒதுக்கப்பட்டிருந்தது. நான்கு பேர் செல்லும் அறையும், இருவர் மட்டுமே செல்லும் சிறிய அறையும் உண்டு.

இத்தனை வசதிகள் இருந்தும், இன்று இரயில் நிருவாகம் தாமே அளிக்கும் பல பொருள்களை அன்றைய முதல் வகுப்புப் பயணி தம்முடன் கொண்டுவர வேண்டியிருந்தது. படுக்கை விரிப்பு, தலையணை, போர்வை யாவும் தோற்பட்டையால் இறுகக் கட்டிய ‘ஹோல்டால்’ மூட்டையில் வந்தன. நடைவழி இல்லாமையால் ஓடும் வண்டியில் உணவுப் பெட்டிக்குச் செல்ல முடியாது. வண்டி ஒரு நிலையத்தில் நிற்கும்போது இறங்கிச் சென்று உணவுப் பெட்டியில் ஏறி, உண்டு முடித்து, அடுத்த நிலையத்தில் தம் அறைக்குத் திரும்புவதே வழக்கம். அல்லாவிடில் பெரிய நிலையங்களில் இருந்த உணவு விடுதிகளிலிருந்து தட்டுகள் அறைக்கு வந்து சேரும்.

கோடையின் வெப்பத்தை முதல் வகுப்பும் முழுமையாகத் தவிர்க்க இயலவில்லை. சன்னல்களில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளிப்பது ஒரு முறை. பெரிய பனிக்கட்டியை வாங்கித் தொட்டியில் இட்டு, அறையின் நடுவில் வைத்து, அதன்மீது விசிறியின் காற்று படுமாறு செய்வது மற்றொரு முறை. மணி ஆக ஆகப் பனிக்கட்டி கரையும், குளிர்ச்சியும் குறையும். அடுத்த பெரிய நிலையத்தில் புதிய கட்டி வாங்க வேண்டும்.

எனவே, பழைய முதல் வகுப்பு விற்பனை செய்த பொருள் எது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது விற்றது முதன்மையாக இடம், அடுத்ததாகத் தனிமை. பயணத்தின் வேகம் வண்டியிலிருந்த எல்லா வகுப்பினர்க்கும் ஒன்றே. புகையும் புழுதியும் பெருமளவிற்குப் பொதுவானவையே. ஆனால் பிறருடைய நெருக்கத்திலிருந்து விலகியிருக்கும் உரிமை முதல் வகுப்புப் பயணிக்கு மட்டுமே கிடைத்தது. அந்த உரிமையிலும் இன வேறுபாடு குறுக்கிட்டது. முறையாகச் சீட்டு வாங்கிய இந்தியர்கள், ஐரோப்பியர் அமர்ந்திருந்த அறையில் இடம் மறுக்கப்பட்டு அவமதிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் அக்காலத்தில் அரியன அல்ல.

மூன்றாம் வகுப்பின் தோளில்

பயணிகளில் மிகப் பெரும்பான்மையோர் மூன்றாம் வகுப்பினரே. பயணிகள் கட்டணத்தால் கிடைத்த வருவாயில் பெரும் பகுதியும் அவர்களிடமிருந்தே வந்தது. ஆயினும் பெட்டிகளின் அமைப்பு, காத்திருப்பு அறைகள், உணவு விடுதிகள் ஆகியவற்றில் காட்டப்பட்ட அக்கறை மேல் வகுப்புகளையே சுற்றி நின்றது.

காந்தியடிகள் 1915இல் தாயகம் திரும்பிய பின் மூன்றாம் வகுப்பிலேயே நாடெங்கும் பயணம் செய்து, 1917இல் அவ்வகுப்பின் நிலை பற்றி எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்புக் கட்டணத்தைப் போல் ஐந்து மடங்கிற்கும் சற்று மேல் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். முதல் வகுப்புப் பயணி பெறும் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, ஏன் பத்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்பினர்க்குக் கிடைக்கிறதா என்பதே அவர் எழுப்பிய வினா. பொருளியல் நோக்கில் இது மிகவும் நுட்பமான வினாவாகும். கட்டண விகிதமும் வசதி விகிதமும் ஒத்திருக்கவில்லை என்றால், குறைந்த கட்டணம் செலுத்துவோர் மிகுந்த கட்டணம் செலுத்துவோரின் சொகுசுக்காகச் செலவிடுகின்றனர் என்பதே அதன் பொருள்.

இந்தக் கட்டண விகிதத்தை நினைவில் இருத்திக்கொள்வது நன்று. பின்னர் நிகழ்ந்த மாற்றத்தை அளக்க அது ஓர் அளவுகோலாகப் பயன்படும்.

பெயர் மாற்றமும் பொருள் மாற்றமும்

விடுதலைக்குப் பின் வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது கொள்கையாக ஏற்கப்பட்டது. 1955இல் பழைய முதல் வகுப்பு நீக்கப்பட்டது. அதுவரை இரண்டாம் வகுப்பாக இருந்தது முதல் வகுப்பு என்றும், இடை வகுப்பு இரண்டாம் வகுப்பு என்றும் பெயர் பெற்றன. ஆக, 1955க்குப் பின் முதல் வகுப்பில் சென்றவர், முந்திய தலைமுறையினரின் இரண்டாம் வகுப்பிலேயே சென்றார் எனலாம். அதே ஆண்டு, பம்பாய்க்கும் புனேக்கும் இடையே 1930 முதல் மேல் வகுப்புகளை மட்டும் கொண்டு ஓடிய தக்காண ராணி வண்டியில் மூன்றாம் வகுப்பும் சேர்க்கப்பட்டது.

1955 அக்டோபர் 2ஆம் நாள் சென்னை பெரம்பூரில் தொடங்கப்பட்ட இரயில் பெட்டி இணைப்புத் தொழிற்சாலை மற்றொரு திருப்பமாக அமைந்தது. எஃகினால் ஆன, ஒரே அமைப்பில் உருவான பெட்டிகள் அங்கு உற்பத்தியாயின. நடைவழியுள்ள பெட்டிகள் பரவியதால் பயணி ஓடும் வண்டியிலேயே ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குச் செல்ல முடிந்தது. பரிசோதகரும் உணவுப் பணியாளரும் பயணியைத் தேடி வர முடிந்தது. முதல் வகுப்பின் தனி அறை முழுத் தனிமையை இழந்தது. அதற்கு ஈடாகப் பாதுகாப்பும் பணி வசதியும் கிட்டின.

1974இல் மூன்றாம் வகுப்பு என்னும் பெயரே நீக்கப்பட்டு, அது இரண்டாம் வகுப்போடு இணைக்கப்பட்டது. பெயர் மாறியதால் மட்டும் மரப்பலகை மெத்தையாகிவிடவில்லை. 1977இல் இரயில்வே அமைச்சர் பொறுப்பேற்ற மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கும் மெத்தை வேண்டும் என்ற முடிவைச் செயற்படுத்தினார். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே, வகுப்பு வேறுபாடற்ற கீதாஞ்சலி விரைவு வண்டி தொடங்கப்பட்டது. இரயில்வே வரலாற்றில் ஒரு வசதி மேல் வகுப்பிலிருந்து கீழ் வகுப்பிற்கு வேண்டுமென்றே இறக்கப்பட்டதற்கு அந்த மெத்தை ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. மின்விளக்கு, மின்விசிறி, பெட்டிக்குள்ளேயே கழிப்பிடம், முன்பதிவு செய்த படுக்கை ஆகியனவும் இதே வழியில், வெவ்வேறு காலங்களில், மேலிருந்து கீழே வந்தவையே.

பனிக்கட்டியிலிருந்து மின்சாரத்திற்கு

குளிர்சாதன வசதியின் வரலாறு இப்போக்கினை மேலும் விளக்கும். பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே 1928இல் தொடங்கிய ஃபிரான்டியர் மெயில் வண்டியில், 1934இல் குளிரூட்டப்பட்ட பெட்டி இணைக்கப்பட்டது. பெட்டியின் தளத்திற்குக் கீழே பனிக்கட்டிகளை அடுக்கி, அவற்றின்மீது செலுத்திய காற்றை உள்ளே அனுப்புவதே அதன் இயக்கமுறை. வழியில் குறிப்பிட்ட நிலையங்களில் பனிக்கட்டி மீண்டும் நிரப்பப்பட்டது. பின்னர் இயந்திரக் குளிர்சாதனம் வந்தது. 1956இல் ஹௌராவுக்கும் தில்லிக்கும் இடையே முழுவதும் குளிர்சாதன வசதி கொண்ட வண்டி ஓடத் தொடங்கியது. 1969இல் இதே இரு நகரங்களுக்கு இடையே வந்த ராஜதானி விரைவு வண்டி, ஏறத்தாழ 24 மணி நேரப் பயணத்தை 17 மணி 20 நிமிடமாகக் குறைத்தது.

ஆயினும் குளிர்சாதனம் நெடுங்காலம் மேல் வகுப்பினரின் உடைமையாகவே இருந்தது. 1993இல் அறிமுகமான மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிதான் அதனை நடுத்தரக் குடும்பத்திற்கு எட்டச் செய்தது. குளிர்சாதனம் இல்லாத முதல் வகுப்பின் வீழ்ச்சியும் அத்துடன் விரைவு பெற்றது. திறந்த சன்னலும் தனி அறையும் உடைய அப்பெட்டியைவிட, தனி அறை இல்லாவிடினும் புழுதியும் வெப்பமும் நுழையாத பெட்டியே மேல் என்று பயணிகள் கருதினர். இன்று அப்பழைய முதல் வகுப்பை மும்பை, சென்னை போன்ற நகரங்களின் புறநகர் வண்டிகளிலும், நீலகிரி போன்ற மலை இரயில்களிலுமே பெரும்பாலும் காண முடியும்.

பெட்டியின் இடமும் கட்டணமும்

இரயில் பெட்டியின் நீள அகலத்தை விருப்பம்போல் பெருக்க இயலாது. ஒரு வண்டியில் இணைக்கத்தக்க பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் நடைமேடையின் நீளம் எல்லை வகுக்கிறது. ஆகவே முதல் வகுப்பின் உண்மையான விலை அதன் மெத்தையில் இல்லை. அது பிடித்துக்கொள்ளும் இடத்தில் உள்ளது. ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் உருவாகி, 2018 முதல் பழைய வகைப் பெட்டிகளுக்கு மாற்றாக உற்பத்தியாகும் இன்றைய பெட்டிகளில், குளிர்சாதன முதல் வகுப்பில் 24 பேரும், இரண்டடுக்கில் 52 பேரும், மூன்றடுக்கில் 72 பேரும் படுத்துச் செல்லலாம். குளிர்சாதனம் இல்லாத படுக்கை வகுப்பில் 80 பேர் செல்லலாம். அதாவது முதல் வகுப்புப் பயணி ஒருவர், மூன்றடுக்குப் பயணிகள் மூவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறார்.

இதற்கேற்பக் கட்டணம் அமைந்துள்ளதா என்பதே அடுத்த வினா. 2006–07ஆம் ஆண்டின் இரயில்வே வரவு செலவுத் திட்டம் இதற்கு ஒரு நல்ல சான்று தருகிறது. இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை 1 என அடிப்படையாகக் கொண்டால், அதுவரை குளிர்சாதன முதல் வகுப்புக் கட்டணம் 14 ஆகவும், இரண்டடுக்குக் கட்டணம் 7.2 ஆகவும் இருந்தன. அவை முறையே 11.5, 6.5 எனக் குறைக்கப்பட்டன. அந்நாளில் பெரிதும் வழக்கில் இருந்த பெரம்பூர் வகைப் பெட்டியில் முதல் வகுப்பில் 18 படுக்கைகளும் இரண்டடுக்கில் 46 படுக்கைகளும் இருந்தன. இரு பெட்டிகளும் முழுதும் நிரம்பிச் செல்வதாகக் கொண்டால், புதிய கட்டணத்தில் முதல் வகுப்புப் பெட்டியின் வருவாய் 207 அலகுகள், இரண்டடுக்குப் பெட்டியின் வருவாய் 299 அலகுகள் ஆகும். தனி ஆள் செலுத்தும் கட்டணம் மிகுதியாகத் தோன்றினாலும், பெட்டி ஈட்டும் வருவாய் குறைவே என்பது இதனால் புலனாகும்.

காந்தியடிகள் காலத்தின் ஐந்து மடங்கோடு இவ்விகிதத்தை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் வகுப்புகளுக்கு இடையே வசதியின் இடைவெளி சுருங்கியது, ஆனால் கட்டணத்தின் இடைவெளி விரிந்தது. சமுதாய நோக்கில் இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஏழைப் பயணியின் கட்டணம் தாழ்வாக வைக்கப்பட்டது, மேல் வகுப்பினர் முன்னைவிட மிகுந்த பங்கை ஏற்றனர்.

எனினும் மேல் வகுப்பினர் தம் செலவை முழுதும் தாமே ஏற்கின்றனர் என்று இதனால் கொள்ளலாகாது. 2010களின் நடுப்பகுதிக்கான கணக்குகளை ஆய்ந்த தணிக்கை அறிக்கை, பயணிகள் போக்குவரத்தில் குளிர்சாதன மூன்றடுக்கு வகுப்பே இலாபம் ஈட்டுவதாகக் காட்டியது. குளிர்சாதன முதல் வகுப்பு இழப்புக் கணக்கிலேயே இருந்தது. 2022–23இல் பயணச்சீட்டுகளுக்காக இரயில்வே ஏற்ற மொத்த மானியம் 56,993 கோடி ரூபாய் என்றும், சராசரியாக ஒவ்வொரு பயணியும் 46 விழுக்காடு சலுகை பெறுகிறார் என்றும் அரசு தெரிவித்துள்ளது. இந்த இழப்பைச் சரக்குப் போக்குவரத்தின் வருவாயே பெருமளவு ஈடுசெய்கிறது. நிலக்கரி, சிமெண்டு முதலியவற்றின் மீது விழும் சரக்குக் கட்டணம் இறுதியில் மின்சாரத்தின் விலையிலும் வீடு கட்டும் செலவிலும் சேர்கிறது. இரயிலில் ஏறாதவரும் இவ்வாறு பயணச் செலவில் ஒரு பங்கை ஏற்கிறார். அப்பங்கு நெருக்கடியில் செல்லும் தொழிலாளிக்குப் பயன்படுமாயின் அதற்கு நியாயம் உண்டு. தனி அறையில் செல்பவர்க்கும் அதில் ஒரு பகுதி சேருமாயின், அதனை நியாயப்படுத்துதல் எளிதன்று.

விமானத்தின் போட்டி

முதல் வகுப்புக் கட்டணத்தை உயர்த்திவிட்டால் சிக்கல் தீருமே எனத் தோன்றலாம். பழைய முதல் வகுப்புக்குப் போட்டியே இல்லை. நெடுந்தொலைவு செல்ல விரும்பிய செல்வருக்கு வேறு வழி இல்லாதிருந்தது. 2003க்குப் பின் குறைந்த கட்டண விமானப் போக்குவரத்து பரவியதும் நிலைமை அடியோடு மாறியது. ஓர் இரவும் பகலும் எடுக்கும் பயணத்தை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிக்க இயலும்போது, ஏறத்தாழ அதே கட்டணத்தைக் கொடுத்து இரயிலில் செல்வோர் குறைவு. 2006இல் மேல் வகுப்புக் கட்டணம் குறைக்கப்பட்டதற்கு இப்போட்டியே காரணம். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் தேவைக்கேற்ப உயரும் கட்டண முறை வந்தபோதும், குளிர்சாதன முதல் வகுப்பிற்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதன் கட்டணத்தை மேலும் உயர்த்தினால் பயணிகள் விமானத்தை நாடுவர் என்பது நிருவாகத்திற்குத் தெரிந்தே இருந்தது.

எனவே இன்றைய முதல் வகுப்பு இரு பக்கமும் நெருக்கப்பட்டுள்ளது. கீழே, மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஏறத்தாழ அதே குளிர்ச்சியையும் படுக்கை விரிப்பையும் அளிக்கும் மூன்றடுக்கு வகுப்பு. மேலே, காலத்தை மிச்சப்படுத்தும் விமானம். முதல் வகுப்பிற்கென்று தனியே எஞ்சியிருப்பது உள்ளிருந்து தாழிடத்தக்க கதவு ஒன்றே எனலாம். அக்கதவு சிலருக்கு இன்றியமையாதது என்பதையும் மறுத்தற்கில்லை. நோயுற்றோர், முதியோர், கைக்குழந்தையுடன் செல்லும் தாய்மார் ஆகியோர்க்குத் தனி அறை ஒரு சொகுசன்று, தேவையே. வளர்ப்பு நாயுடன் செல்ல விரும்புவோர் இன்றும் முதல் வகுப்பில் முழு அறையைப் பதிவு செய்தே அதனை உடன் கொண்டுசெல்ல முடிகிறது.

அளவுகோல் எங்கே?

2019 பிப்ரவரியில் புது தில்லிக்கும் வாராணசிக்கும் இடையே தொடங்கிய, பெரம்பூரில் உருவான வந்தே பாரத் வண்டியில் உயர்வகுப்பு இருக்கைகள் உண்டு. ஆயினும் அதன் தானியங்கிக் கதவும் வேகமும் வண்டியிலுள்ள எல்லாருக்கும் பொதுவானவை. மேல் வகுப்பிற்கும் அடுத்த வகுப்பிற்கும் உள்ள வேறுபாடு இங்கு இருக்கையின் அகலத்திலும் அதன் அமைப்பிலும் மட்டுமே உள்ளது.

இது முன்னேற்றமே. ஆனால் 2023 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரயிலில் சென்ற பயணிகளில் 95.3 விழுக்காட்டினர் குளிர்சாதனம் இல்லாத வகுப்புகளிலேயே சென்றனர் என்பது அரசு வெளியிட்ட புள்ளிவிவரம். குளிர்சாதன வகுப்புகள் அனைத்தும் சேர்ந்து ஏற்றிச் சென்றோர் 4.7 விழுக்காட்டினரே. முன்பதிவில்லாப் பெட்டிகளில் பண்டிகைக் காலத்தில் காணப்படும் நெருக்கடி, 1917இல் காந்தியடிகள் கண்டு எழுதிய நெருக்கடியிலிருந்து முற்றிலும் வேறுபட்டது என்று கூற இயலாது. 2023 டிசம்பர் 30ஆம் நாள் தொடங்கப்பட்ட அம்ரித் பாரத் வண்டிகள் இந்நிலையை உணர்ந்து அமைக்கப்பட்டவை. தொடக்கத்தில் அவற்றில் 12 படுக்கைப் பெட்டிகளும் 8 பொதுப் பெட்டிகளும் இருந்தன, குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் இல்லை. எனினும் இருக்கை, விளக்கு, கழிப்பிடம் ஆகியவற்றில் முந்திய பொதுப் பெட்டிகளைவிட மேம்பட்ட தரம் காணப்படுகிறது.

முதல் வகுப்பை ஒழிப்பதோ, பழைய பெருமையுடன் அதனை மீட்பதோ இன்றைய தேவையன்று. அவ்வகுப்பு பிடிக்கும் இடத்திற்கும் ஏற்கும் பணிக்கும் உரிய விலையை அதில் செல்வோரே, அல்லது அவர்களை அனுப்பும் அலுவலகங்களே, முழுமையாக ஏற்க வேண்டும். அவ்விலைக்குப் பயணிகள் கிடைக்காத தடங்களில் அப்பெட்டியின் இடத்தை வேறு வகுப்பிற்குத் தர வேண்டும். பொதுப் பணத்திலிருந்து வரும் மானியம் முன்பதிவில்லாப் பெட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்கவும், அவற்றில் குடிநீர், காற்றோட்டம், துப்புரவு ஆகியவற்றை உறுதிப்படுத்தவும் செலவாக வேண்டும். மெத்தையும் விசிறியும் ஒரு காலத்தில் மேலிருந்து கீழே வந்தன. அமர்ந்து செல்லும் உரிமை கடைசிப் பெட்டியில் ஏறும் பயணிக்கும் உறுதியாகும் நாளே அப்பணி நிறைவெய்தும் நாளாகும்.